பழைய எட்டடி வலை டிஷ்: படம் வராவிட்டால் எங்கே பார்ப்பது

கேபிள் கன்ட்ரோல் ரூம்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, மொட்டை மாடிகளில் நின்ற பெரிய டிஷ்கள் கீழே இறங்கின. பல பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயின. மற்றவை தோட்டங்களுக்கு வந்து பீர்க்கங்கொடிக்குப் பந்தலாகவும், கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடவும் பயன்பட்டன. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில், களத்து ஓரம் நிற்கும் எட்டடி வலை டிஷ்ஷும் அப்படிக் குட்டியானையில் வந்து இறங்கியதுதான். அதை நிறுத்திப் பழகிய பிறகு அக்கம்பக்கத்தில் இன்னும் சிலருக்கு நிறுத்திக் கொடுத்திருக்கிறேன்.

போன இடத்திலெல்லாம் ஒரே கதை. படம் வரவில்லை என்றதும் முதலில் எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் கால்களில் நின்று சிக்னலை வாங்கும் கருவி) மாற்றுகிறார்கள், அப்புறம் ரிசீவரை. ஆனால் பழைய டிஷ்ஷில் கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்கிறது. பைப் நட்டமாக நிற்காது, விளிம்பு முறுக்கியிருக்கும், எல்என்பியைத் தாங்கும் கால் ஒன்று வளைந்திருக்கும். அதனால் நூலும் தூக்குக்குண்டும் கொண்டு பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிடுங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிஷ் நிறுத்த எழுதப்பட்ட வழிமுறைகள் பல, நமக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்கானவை. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகை. 83 டிகிரி கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோளைப் பிடிக்க டெல்லியில் டிஷ் 56 டிகிரி நிமிர்ந்தால் போதும். காங்கேயத்தில் 75.5 டிகிரி நிமிர வேண்டும். வடைச்சட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த மாதிரி, டிஷ் ஏறக்குறைய மல்லாந்து படுத்திருக்கும். கீழே வரும் பல விஷயங்கள் இந்த ஒரு காரணத்தால்தான் வேறுபடுகின்றன.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். எல்லாம் சி பேண்ட் (இந்தப் பெரிய டிஷ்கள் வாங்கும் அலைவரிசைப் பகுதி) டிஷ்ஷுக்குச் சொல்வது.

ரிசீவரில் ஸ்ட்ரெங்த் பட்டையே அசையவில்லை

இது டிஷ்ஷின் திசைப் பிரச்சினை இல்லை. எல்என்பிக்குக் கரண்ட் போனாலே, டிஷ் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் ஸ்ட்ரெங்த் பட்டை கொஞ்சமாவது ஏறும். ஆகவே கேபிளைப் பாருங்கள். ரிசீவரின் பின்னால் மல்டிமீட்டர் வைத்தால், தேர்ந்தெடுத்த சேனலைப் பொறுத்து 13 அல்லது 18 வோல்ட் டிசி வரவேண்டும். அதே அளவை எல்என்பி முனையிலும் பாருங்கள். ரிசீவரில் இருந்து அங்கே இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது எஃப் கனெக்டருக்குள் பின்னல் கம்பியின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டிஷ்ஷோடு இனாமாக வந்த பழைய கேபிளை நம்பாதீர்கள். தோலை உரித்துப் பார்த்துப் பின்னல் பச்சை பூத்திருந்தால் அந்தக் கேபிள் வேண்டாம். புது ஆர்ஜி-6 போட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி பூஜ்யம்

டிஷ் நிறுத்துபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் ரிசீவர் செட்டிங். எல்ஓ (எல்என்பிக்குள் இருக்கும் லோக்கல் ஆசிலேட்டர்) அலைவரிசை 5150 என்று இருக்கவேண்டும். ரிசீவர் வீட்டு டிடிஎச் டிஷ்ஷில் ஓடியதாக இருந்தால் 9750, 10600 என்று கேயூ பேண்ட் எண்கள் கிடக்கும். அப்படியே விட்டால் ஆயுள் முழுக்கத் தேடினாலும் எதுவும் வராது. அடுத்து, தேடும் அலைவரிசை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஷ் கொடுத்தவர் எழுதித் தந்த பழைய பட்டியல் உதவாது. 83 டிகிரியில் இன்சாட்-4ஏ இருந்த இடத்துக்கு 2020-ல் அனுப்பிய ஜிசாட்-30 வந்துவிட்டது. கோள் மாறும்போது அலைவரிசைகளும் மாறலாம். வலுவான ஒரு அலைவரிசையையும் அதன் சிம்பல் ரேட்டையும் புதிய பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போது பைப். இதில் அவசரப்படவே கூடாது. தூக்குக்குண்டை வடக்குப் பக்கம் ஒரு முறை, கிழக்குப் பக்கம் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக இருந்து இன்னொரு பக்கம் சாய்ந்திருப்பது சாதாரணம். பைப் 1 டிகிரி சாய்ந்திருந்தால், டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப அது நிமிர்ந்திருக்கும் அளவும் கூடவே மாறும். கணக்குப் போட்டு வைத்ததெல்லாம் வீணாகும். எங்கள் டிஷ்ஷுக்கு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்த வெல்டிங் பட்டறை அண்ணன் கான்கிரீட் இறுகும் வரைக்கும், "பைப்பு நட்டமா நிக்குதுங்களா, இன்னொருக்கா பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் கேட்டதன் அருமை டிஷ்ஷை மாட்டிய அன்றைக்குத் தெரிந்தது.

டிஷ் நிமிர்ந்திருக்கும் கோணத்தை எப்படி அளப்பது? போனில் இருக்கும் கோணமானி போதும் என்பார்கள். நான் கொத்தனாரின் தண்ணீர் டியூப்பைத்தான் நம்புகிறேன். டிஷ் மல்லாந்திருப்பதால் விளிம்பின் ஒரு பக்கம் தாழ்ந்தும் எதிர்ப்பக்கம் உயர்ந்தும் இருக்கும். அந்த உயர வித்தியாசத்தை அளந்தால் கோணம் கைக்கு வந்துவிடும். எட்டடி டிஷ்ஷின் குறுக்களவு 244 செ.மீ. 83 டிகிரிக் கோளுக்கு மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 61 செ.மீ. வித்தியாசப்பட வேண்டும். ஜிசாட்-17 இருக்கும் 93.5 டிகிரிக்கு 94 செ.மீ. மேற்கே இன்டெல்சாட்-17 இருக்கும் 66 டிகிரிக்கு 78 செ.மீ. இதில் 4 செ.மீ. கூடினாலோ குறைந்தாலோ 1 டிகிரி போச்சு என்று கொள்ளுங்கள். பத்தடி டிஷ் என்றால் 83 டிகிரிக்கு 76 செ.மீ. வரும். கோவையோ ஈரோடோ பொள்ளாச்சியோ நாமக்கல்லோ, 83 டிகிரிக்கு இந்தக் கோணம் அரை டிகிரிக்கு மேல் மாறாது. 66-க்கு ஏறக்குறைய 1 டிகிரி வரை மாறலாம்.

பின்னால் இருக்கும் மரைக்கம்பி இந்த அளவுக்கு நிமிர விடவில்லையா? வடக்கே நின்ற ஸ்டாண்டாக இருக்கலாம். லேத் பட்டறையில் சொல்லி நீளமான கம்பி வெட்டி மரை போட்டுக்கொள்ளுங்கள். நட்டின் கடைசி இரண்டு மரையில் தொங்கவிடுவது ஆபத்து.

அடுத்தது திசை. காங்கேயத்திலிருந்து 83 டிகிரிக் கோள் வடக்கிலிருந்து வலமாக 153 டிகிரியில் இருக்கிறது. 93.5 டிகிரிக் கோள் 124-ல், 66 டிகிரிக் கோள் 227-ல். திசைகாட்டியை டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஸ்டாண்டு இரும்பு முள்ளை இழுத்துவிடும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம். திசைகாட்டி இல்லாவிட்டால் உச்சிப்பொழுதில் தூக்குக்குண்டு நூலின் நிழல் தெற்கு வடக்காக விழும். அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுவையுங்கள். உச்சிப்பொழுது என்பது நமக்குக் கடிகாரத்தில் 12 மணி இல்லை. காங்கேயத்தில் நவம்பர் தொடக்கத்தில் 12.04, பிப்ரவரி நடுவில் 12.34, மற்ற நாட்களில் இரண்டுக்கும் இடையே. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும். நிழலே விழாது. அந்த வாரங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உயரத்தை, அதாவது நிமிரும் கோணத்தை, சரியாக வைத்துப் பூட்டிவிட்டு, டிஷ்ஷை மெதுவாகத் திருப்புங்கள். இங்கே மல்லாந்த டிஷ்ஷுக்கு ஒரு குணம் உண்டு. 75 டிகிரி நிமிர்ந்திருக்கும்போது பைப்பில் 10 டிகிரி திருப்பினாலும் வானத்தில் அது இரண்டரை டிகிரிதான் நகரும். திருப்புவதில் மந்தம், நிமிர்த்துவதில் கறார். உயரம் 2 டிகிரி தப்பாக இருந்தால் சுற்றிச் சுற்றித் திருப்பினாலும் கோள் சிக்காது, அதே நேரம் திசை 3 டிகிரி தப்பாக இருந்தாலும் ஏதோ வரும். எனவே ஒரு சுற்றில் கிடைக்கவில்லையென்றால் உயரத்தை 2 செ.மீ. மாற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். ரிசீவர் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். வேகமாகத் திருப்பினால் கோளைத் தாண்டிப் போயிருப்பீர்கள், பட்டை அசைந்திருக்காது.

பிடித்தது வேறு கோள்

குவாலிட்டி ஏறியது, ஆனால் தேடினால் எதிர்பாராத சேனல்கள் வருகின்றன. எட்டடி டிஷ்ஷின் பார்வை 2 டிகிரி அகலம்தான், ஆனாலும் 66-ம் 68.5-ம் போலப் பக்கத்துப் பக்கத்தில் கோள்கள் இருக்கின்றன. தப்பான கோள் கிடைத்தாலும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களிடம் ஒரு மைல்கல் இருக்கிறது. 66-லிருந்து 68.5-க்குப் போக, தெற்கு நோக்கி 7 டிகிரி திருப்பி 2 டிகிரி நிமிர்த்தினால் போதும். 3 இஞ்ச் ஜிஐ பைப்பின் வெளிச்சுற்றளவு 28 செ.மீ. என்பதால் 1 டிகிரி என்பது கிட்டத்தட்ட 0.8 மி.மீ. பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டு, அரை செ.மீ. சொச்சம் நகர்த்தினால் 7 டிகிரி ஆகிவிடும்.

குவாலிட்டி வருகிறது, ஆனால் பாதிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது

பழைய டிஷ்ஷின் உண்மையான நோய் இதுதான். புது டிஷ்ஷில் இது அபூர்வம். கழற்றி, ஏற்றி, இறக்கிய டிஷ்ஷில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டு நூல் எடுங்கள், கொத்தனார் நூல் நல்லது. ஒன்றை விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குத் தெற்கு வடக்காக இழுத்துக் கட்டுங்கள். இன்னொன்றைக் கிழக்கு மேற்காக. நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்ணை நூல் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். தொட்டும் தொடாமல் உரச வேண்டும். எங்கள் டிஷ்ஷில் இரண்டு நூலுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. மேல் நூலைக் கீழேயும் கீழ் நூலை மேலேயும் மாற்றிக் கட்டியதும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளைந்தன. வண்டியில் ஏற்றும்போது கயிற்றை ஒரு பக்கம் இழுத்துக் கட்டியதில் விளிம்பு முறுக்கிக்கொண்டது. முதுகு வளையத்தின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் நூல் உரசும் நிலையிலேயே எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கினோம். 38-ல் நின்ற குவாலிட்டி 60-க்கு மேல் ஏறியது. அந்தக் காலை இன்னும் நினைவிருக்கிறது. எல்என்பியைத் தொடவே இல்லை.

நூல் கட்டியிருக்கும்போதே ஆழத்தையும் அளந்துவிடுங்கள். நூல்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து டிஷ்ஷின் நடு வரை எவ்வளவு என்று பார்க்கவேண்டும். குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியம் எங்கே என்று தெரிந்துவிடும். ஆழம் 40 செ.மீ. என்றால், 244 × 244 = 59536. அதை 640-ஆல் வகுத்தால் 93. டிஷ்ஷின் நடுவிலிருந்து 93 செ.மீ. உயரத்தில் ஃபீட்ஹார்னின் (எல்என்பியின் முன்னால் இருக்கும் குழல்) வாய் வரவேண்டும். கால்கள் வேறொரு டிஷ்ஷிலிருந்து வந்திருந்தால் இந்த அளவு சரியாகவே இருக்காது. அப்புறம் 93-ஐ 244-ஆல் வகுத்தால் 0.38. ஃபீட்ஹார்னின் பக்கவாட்டில் 36, 38, 40 என்று கோடுகள் இருக்கும். ஃபீட்ஹார்னைச் சுற்றியிருக்கும் வளையத்தை (ஸ்கேலார் ரிங்) 38-ல் வையுங்கள்.

ஃபீட்ஹார்ன் நடுவில் இருக்கிறதா என்பதையும் நூலாலேயே பார்க்கலாம். அதன் வாயிலிருந்து விளிம்பின் நான்கு பக்கத்துக்கும் அளந்தால் நான்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அரை செ.மீ. வரை பரவாயில்லை. 2 செ.மீ. என்றால் டிஷ் ஒரு பக்கம் பார்க்க எல்என்பி இன்னொரு பக்கம் பார்க்கிறது.

வலையைப் பொறுத்தவரை, கிழிந்த இடத்தில் கோழி வலையைக் கட்டிவிடுகிறார்கள். வேண்டாம். சி பேண்ட் அலையின் நீளம் ஏறக்குறைய 7.5 செ.மீ. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 5 அல்லது 6 மி.மீ.க்குள் ஓட்டை இருந்தால்தான் வலை கண்ணாடி போல வேலை செய்யும். ஒரு இஞ்ச் ஓட்டையில் சிக்னல் கீழே ஒழுகிவிடும். அதேபோல மேடு பள்ளம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் உள்ளிருந்து கையால் தட்டிச் சரிசெய்யுங்கள், சுத்தியல் வேண்டாம்.

பாதிச் சேனல்கள் மட்டும் வருகின்றன

நெட்டு அலைச் (வெர்ட்டிகல்) சேனல்களுக்கு ரிசீவர் 13 வோல்ட் அனுப்பும், கிடை அலைக்கு (ஹாரிசான்டல்) 18. கிடை அலைச் சேனல்கள் மட்டும் வரவில்லையென்றால் எல்என்பி முனையில் வோல்ட்டேஜைப் பாருங்கள். கேபிள் நீளமாகவும் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பாகவும் இருந்தால் 18 அங்கே போவதற்குள் இறங்கிவிடும். எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும்.

வோல்ட்டேஜ் சரி என்றால் எல்என்பியைச் சுழற்ற வேண்டும். இதுவும் நம் ஊருக்கே உரிய விஷயம். 83 டிகிரிக் கோளுக்கு டெல்லியில் 10 டிகிரி சுழற்றினால் போதும், இங்கே 26 டிகிரி. 66-க்கு 46, 93.5-க்கு 55. சுழற்றாமல் நேராக வைத்தால் நெட்டு அலையும் கிடை அலையும் கலந்து இரண்டுமே கெடும். ஸ்டூலில் ஏறி எல்என்பியின் முதுகை மேலிருந்து பார்த்தபடி, நமக்குக் கிழக்கே உள்ள கோள் என்றால் கடிகார முள் போகும் பக்கம் சுழற்றுங்கள், மேற்கே என்றால் எதிர்ப்பக்கம். உத்தேசமாக வைத்துவிட்டு, குவாலிட்டி எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்கள்.

பழைய ஃபீட்ஹார்னுக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு டெஃப்லான் தகடு குறுக்கே செருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது சுழல் அலை அனுப்பும் கோள்களுக்குப் போட்டது. மேலே சொன்ன கோள்களுக்கு அதை உருவிவிட வேண்டும். இருந்தால் நெட்டு, கிடை இரண்டும் ஒரே அளவில் மந்தமாக வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில சேனல் கறுப்பாகவே இருந்தால் அவை பூட்டிய கட்டணச் சேனல்கள், அல்லது உங்கள் ரிசீவர் பழைய எம்பெக்-2 வகை ஒளிபரப்பு மட்டும் தெரிந்தது. டிஷ்ஷை ஆட்டாதீர்கள்.

காலையில் நன்றாக வந்தது, மத்தியானம் போய்விட்டது

தினமும் வெயில் ஏறியதும் போய்ச் சாயங்காலம் திரும்பினால் எல்என்பி சூடு தாங்கவில்லை. ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். படம் திரும்பினால் சந்தேகமே இல்லை, இந்த இடத்தில்தான் எல்என்பி மாற்றக் காசு செலவழிக்க வேண்டும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் மட்டும், தினம் சில நிமிடம் போய் வந்தால் அது கோளாறு இல்லை. சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. 83 டிகிரிக் கோளுக்கு உச்சிப்பொழுதை ஒட்டி இது நடக்கும். அந்த நிமிடங்களில் போய் டிஷ்ஷைப் பாருங்கள். எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் சரியான நடுவில் விழுந்தால் உங்கள் குறி தப்பவில்லை. பளபளப்பான தகடு டிஷ் வைத்திருப்பவர்கள் அந்த நாட்களில் கவனமாக இருங்கள். சூரியன் குவிந்து எல்என்பியின் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும்.

மழையிலும் காற்றிலும் மட்டும் கெடுகிறது

சி பேண்ட் மழைக்கு அவ்வளவாக அசையாது. மழைக்கு அணையும் சின்ன டிடிஎச் டிஷ்ஷைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். எட்டடி டிஷ்ஷில் மழைக்குப் படம் போனால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டினால் தண்ணீர் கனெக்டருக்குப் போகாமல் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

காற்று வேறு விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. உங்கள் டிஷ்ஷை விடுமா? விளிம்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2 செ.மீ. ஆடினாலே ஏறக்குறைய 1 டிகிரி. ஆட்டம் மரைக்கம்பியில் இருந்தால் இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்குங்கள். கிளாம்பில் இருந்தால் பைப்புக்கும் கிளாம்புக்கும் அளவு ஒத்துப்போகவில்லை. அடியில் இருந்தால் கான்கிரீட்டை உடைத்து ஆழமாகப் போடுவதைத் தவிர வழியில்லை. ஆனி பிறப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள்.

வருடக்கணக்கில் நன்றாக ஓடியது, ஒரு நாள் உடைந்து உடைந்து வருகிறது

பக்கத்தில் புது செல்போன் டவர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏலத்தில் 5ஜிக்கு 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுத்தார்கள். நம் சேனல்கள் 3700-க்கு மேல். பழைய எல்என்பிகள் பல 3400-லிருந்தே வாங்கும், டவரின் சத்தத்தில் மூச்சுத் திணறிவிடும். ஸ்ட்ரெங்த் நிறைய இருக்கும், குவாலிட்டி குதிக்கும். கேபிளில் ஃபில்டர் போட்டுப் பயனில்லை, ஏனென்றால் கெடுவது எல்என்பியின் உள்ளே. 3700 முதல் 4200 வரை மட்டும் வாங்கும் எல்என்பி போடுங்கள், அல்லது ஃபீட்ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவே பொருத்தும் ஃபில்டர் போடுங்கள்.

டவர் எதுவும் இல்லையென்றால் ஏணியைப் போட்டு ஃபீட்ஹார்னின் வாயைக் கீழிருந்து பாருங்கள். ஏணி வைக்குமுன் மேலே ஈபி லைன் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் டிஷ்ஷில் ஒரு கோடையில் குவாலிட்டி நாளுக்கு நாள் இறங்கியது. ஏறிப் பார்த்தால் ஃபீட்ஹார்ன் மூடி விரிசல் விட்டு, உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் அளவு நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் பச்சைப் புழுக்கள் அடுக்கி வைத்திருந்தது. ஈரம் காயாத அந்த மண்தான் சிக்னலைக் குடித்துக்கொண்டிருந்தது. குச்சியால் சுரண்டாமல், எல்என்பியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்தேன், உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடக் கூடாது. மூடி கிடைக்கும் வரை தயிர் டப்பாவின் மூடியை வாயில் வைத்து, ஓரத்தில் சிலிக்கான் தடவி ஒட்டினேன். மெல்லிய பிளாஸ்டிக் சிக்னலைத் தடுக்காது. ஆனால் உலோகப் பூச்சு உள்ள மூடி மட்டும் கூடாது.